சோறும் தின்னும், குஞ்சும் பிடிக்கும்

திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுப் பூனை ஒரே வருடத்தில் மூன்றாம் முறையும் குட்டி போட்டுவிட்டால் வீட்டுக்காரர் செய்கிற காரியம் ஊருக்குத் தெரிந்ததுதான். கண் திறந்து துள்ளித் திரியத் தொடங்கிய குட்டிகளை உரப்பை ஒன்றில் போட்டு, வாயை இளக்கமாகக் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்து, இருட்டோடு இருட்டாகச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ அவிழ்த்து விட்டுவிட்டு வருவார். "அங்கை மீன் தலை கிடக்கும், எப்பிடியும் பிழைச்சுக்கொள்ளும்" என்று வீட்டில் சமாதானம் சொல்லப்படும். கொல்ல மனம் வராது. வைத்துப் பார்க்கவும் வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஊர் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

குட்டிகள் பிழைத்துக்கொள்வதும் உண்மை. திருநெல்வேலி சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஊர். பலாலி வீதியோரம் சந்தை. பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் தொடங்கிய வளாகம் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் மாணவர் தங்கும் அறைகள், சாப்பாட்டுக் கடைகள். இரவில் மிஞ்சுகிற சோறும் கறியும் எங்காவது ஒரு மதிலோரம் போய்ச் சேரும். பூனைக்கும் நாய்க்கும் காகத்துக்கும் அந்த மதிலோரம் நன்றாகத் தெரியும்.

வயிறு நிறைந்த பூனை வேட்டைக்குப் போகாது என்று நினைப்பவர்கள் பலர். போகும். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. அதன் முன்னோர் மத்திய கிழக்கின் காட்டுப் பூனைகள். அடுத்த எலி எப்போது அகப்படும் என்று தெரியாத வாழ்க்கையில், அசைகிற எதையும் கண்டவுடன் பாய்கிற பூனைதான் குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. தானியம் சேர்த்து வைத்த மனிதரின் களஞ்சியத்தில் எலி பெருக, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 வருடங்களுக்கு முந்திய ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நாயை மனிதர் எத்தனையோ உருவமாக வளைத்துவிட்டார்கள். பூனை தன் பழைய தொழிலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நம்முடைய குசினிக்குள் வந்து குந்தியிருக்கிறது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஆய்வாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறிய கமராக்களைக் கட்டிவிட்டார்கள். எல்லாம் வேளைக்கு உணவு கிடைக்கிற செல்லப் பூனைகள். அவற்றில் 44 வீதமானவை வெளியே போய் வேட்டையாடின. கமரா காட்டிய இன்னொரு விஷயம் வீட்டுக்காரர்களை அதிகம் திகைக்க வைத்தது. பிடித்த இரையில் 23 வீதத்தைத்தான் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழப் பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டன. "எங்கட பூனை பாவம், ஒண்டும் பிடிக்காது" என்று சொல்கிற வீட்டுக்காரருக்குத் தெரிந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே அதிகம் அகப்பட்டவை சிறிய பல்லியினங்கள்.

யாழ்ப்பாணத்து வளவிலும் முதல் அடி வாங்குவது பல்லியும் ஓணானும் அரணையும்தான். வெயில் ஏறும்போது கிணற்றடிக் கல்லில் வந்து படுக்கிற அரணைக்கு உடம்பு சூடாகும்வரை ஓட வலுவில்லை. அந்த நேரத்தை அறிந்துதான் பூனை வாழை மரத்தடியில் காத்திருக்கும். அரணைக்காக அழுகிறவர் யாருமில்லை. அணில்பிள்ளை செத்தால் பிள்ளைகள் இரண்டு நாள் கதைப்பார்கள். குருவிக்குஞ்சு என்றால் அம்மா பூனைக்கு ஒரு தடியெறிவார். அத்தோடு சரி.

குஞ்சு எப்படி அகப்படுகிறது என்பதற்குப் புலுனியைப் பார்த்தால் போதும். ஏழெட்டுச் சாம்பல் நிறக் குருவிகள் கூட்டமாக வந்து, சருகைக் கிளறிக் கிளறி, ஓயாமல் சத்தம் போடும். ஒன்று கொப்பில் காவல் நிற்க மற்றவை நிலத்தில் மேயும். இவற்றின் குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகுமுன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். வால் இன்னும் வளராமல் கட்டையாக இருக்கும். தத்தித் தத்தி வேலியோரம் திரியும் அவற்றுக்குக் கூட்டத்துப் பெரியவை எல்லாம் சேர்ந்து இரை கொண்டுவந்து ஊட்டும். காவல் குருவி கத்தினால் பெரியவை கொப்பேறிவிடும். குஞ்சு சருகுக்குள் அசையாமல் ஒடுங்கும். மேலேயிருந்து பார்க்கிற வல்லூறுக்கு அந்த அசையாமை கண்ணை மறைக்கும். நிலத்தோடு நிலமாகப் பதுங்கி, காதால் தேடி வருகிற பூனையிடம் அது பலிக்காது.

பூனையின் வாயிலிருந்து பறித்தெடுத்த குஞ்சும் பெரும்பாலும் தப்புவதில்லை. வெளியே காயம் தெரியாது. ஊசிபோன்ற பல் பட்ட இடம் இறகுக்குள் மறைந்திருக்கும். பூனையின் வாயில் வழக்கமாகவே இருக்கிற பாஸ்டியூரெல்லா என்ற பக்டீரியா அதனூடாக இரத்தத்தில் கலந்துவிட, இரண்டொரு நாளில் குஞ்சு செத்துப்போகும். பெட்டியில் பஞ்சு வைத்துக் காப்பாற்ற முயன்ற பிள்ளைக்கு ஏன் செத்தது என்று விளங்குவதேயில்லை.

இதையெல்லாம் எண்ணிக் கணக்கெடுக்க முடியுமா என்று கேட்டால், இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள ஃபெல்மர்ஷாம் கிராமத்தைச் சொல்லவேண்டும். பீட்டர் சேர்ச்சர் என்ற ஆசிரியர் அங்கே குடியிருந்தார். அவருடைய பூனை ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை வாசலில் கொண்டுவந்து போட்டது. 1981இல் அவர் கிராமத்தில் பூனை வைத்திருந்த ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் போய், பொலித்தீன் பைகளைக் கொடுத்து, பூனை கொண்டுவருவதை, அது வெறும் வாலாகவோ இறகாகவோ இருந்தாலும், பையில் போட்டு வைக்கும்படி கேட்டார். கிழமைக்கு ஒரு தடவை போய்ச் சேகரித்தார். சுமார் 70 பூனைகள், ஒரு வருடம். மொத்தம் 1,090 இரைகள். அதில் 535 எலி, மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகள், 297 பறவைகள். பறவைகளில் அதிகம் அகப்பட்டது சிட்டுக்குருவி. கிராமத்துச் சிட்டுக்குருவிகளின் சாவில் குறைந்தது 30 வீதம் பூனையால்தான் என்று சேர்ச்சரும் சூழலியலாளர் ஜோன் லோட்டனும் 1987இல் எழுதினார்கள். ஆய்வுகூடம் வேண்டியிருக்கவில்லை. பையும் பொறுமையும் அயலவரின் ஒத்தாசையும் போதுமாயிருந்தன. விலங்கியற்றுறையை வைத்திருக்கிற பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு வெளியே, ஒரே ஒரு ஒழுங்கையில், இதைச் செய்து பார்ப்பதற்கு யாருக்கும் பெரிய செலவு வராது.

பெரிய கணக்குகளும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையான பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு வீட்டுப் பூனைகளுடையதல்ல, உடைமைக்காரர் இல்லாமல் தெருவில் பெருகியவற்றுடையது. உரப்பைக் குட்டிகளின் உறவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் பூனைகள் 2,000க்கு மேற்பட்ட இன உயிர்களைத் தின்கின்றன என்று 2023இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு சொல்கிறது.

ஆனால் பூனையின் பெயர் கெட்டது தீவுகளில்தான். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் வெளிச்சவீடு ஒன்று ஏற்றப்பட்டது. காவலர் குடும்பங்கள் வந்தன. அவர்களோடு பூனையும் வந்தது. அந்தத் தீவில் பறக்கத் தெரியாத ஒரு குட்டிக் குருவி இருந்தது. அந்திக்குப் பிறகு பாறைகளுக்கிடையில் எலிபோல ஓடித் திரியும். அப்படியொரு பறவை இருக்கிறது என்பதை உலகம் அறிந்ததே, பூனை கவ்விக்கொண்டு வந்த உடல்களை உதவிக் காவலர் டேவிட் லயல் எடுத்துப் பாடம் பண்ணி அனுப்பியபிறகுதான். இரண்டொரு வருடத்தில் குருவி இல்லை. டிபிள்ஸ் என்ற ஒற்றைப் பூனை ஓர் இனத்தையே முடித்துவிட்டது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். 2004இல் பழைய கடிதங்களைத் துருவிப் பார்த்தவர்கள் அது அப்படியல்ல என்று காட்டினார்கள். தீவில் பூனைகள் பெருகி, பலவாகச் சேர்ந்துதான் வேலையை முடித்திருக்கின்றன. ஒற்றைப் பூனைக் கதை கேட்க நன்றாயிருக்கும். பெருகிய பூனைகளின் கதைதான் நமக்குப் பாடம்.

பெருக்கம் எப்படியிருக்கும் என்பதற்குத் தென்னாபிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவு. வானிலை நிலையத்தில் சுண்டெலித் தொல்லை என்று 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். 1977 அளவில் அவை 3,400 ஆகிவிட்டன. வருடத்துக்கு நாலரை இலட்சம் கடற்பறவைகள் அவற்றின் வாயில் போயின. வளையில் முட்டையிடும் அந்தப் பறவைகளுக்கு நிலத்தில் நடந்துவந்து கவ்வுகிற எதிரி என்றால் என்னவென்றே தெரியாது. பிறகு பூனைக்கு வருகிற வைரசு நோயைப் பரப்பி, இரவு வேட்டைக்காரரை இறக்கி, பொறி வைத்து, 1991இல்தான் கடைசிப் பூனையை முடித்தார்கள். இன்று அதே தீவில் சுண்டெலிகள் அல்பட்ரோஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. எலியை அழிக்கக் கோடிக்கணக்கில் செலவாகும் திட்டமொன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.

இலங்கையும் தீவுதானே, இங்கேயும் இப்படி நடக்குமா? அந்த அளவுக்கு நடக்காது என்பதுதான் நேர்மையான பதில். இலங்கை இந்தியத் தரையோடு ஒட்டியும் பிரிந்தும் கிடந்த தீவு. இங்கே சிறுத்தையைத் தவிர மூன்று வகைச் சின்னப் பூனையினங்கள் காட்டுக்குரியவையாகவே இருக்கின்றன. காட்டுப் பூனை, மீன்பிடிப் பூனை, உலகத்திலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்றான துருப்புள்ளிப் பூனை. கீரி இருக்கிறது, மரநாய் இருக்கிறது, சாரைப்பாம்பு இருக்கிறது. நம்முடைய புலுனிக்கும் கௌதாரிக்கும் எதிரி புதிதல்ல. பூனை வந்த மாத்திரத்தில் அழிந்துபோகிற அப்பாவிகள் அல்ல அவை.

வித்தியாசம் தொகையில் இருக்கிறது. காட்டுப் பூனை ஒன்று தன் எல்லைக்குள் இன்னொன்றை எளிதில் விடாது. இரை குறைந்தால் குட்டியும் குறையும். அப்படித்தான் வேட்டைக்காரரும் இரையும் ஒரே நிலத்தில் பிழைக்கிறார்கள். வீட்டுப் பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அரணை முழுக்க முடிந்தாலும் சோறு வரும். புலுனிக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் மீன் தலை வரும். ஒரு காட்டுப் பூனை சுற்றித் திரியக்கூடிய பரப்பில் பத்து இருபது வீட்டுப் பூனைகள் குடியிருக்கின்றன. காட்டுப் பூனைக்கு இதில் வேறு ஆபத்தும் உண்டு. வீட்டுப் பூனையின் தொற்று நோய்கள் அதற்கும் வரும். ஸ்கொட்லாந்தின் காட்டுப் பூனை வீட்டுப் பூனையோடு கலந்து கலந்தே தன் இனத்தைத் தொலைக்கிற நிலைக்கு வந்துவிட்டது.

ஊரில் அடங்கியிருக்கிற விலங்கு வெளியூரில் என்ன ஆகும் என்பதற்கு இந்தியக் கீரியையும் நம்முடைய காகத்தையும் விட வேறு சாட்சி வேண்டாம்.

1872இல் டபிள்யூ. பி. எஸ்பியூட் என்ற தோட்டத்துரை, கரும்பைத் தின்கிற எலிகளுக்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமெய்க்காவுக்கு வருவித்தார். எலி குறைந்தது என்று கேள்விப்பட்ட ஹவாய்த் தோட்டக்காரர் 1883இல் ஜமெய்க்காவிலிருந்து வாங்கினார்கள். கீரி எலியோடு நிற்கவில்லை. நிலத்தில் கூடு கட்டுகிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் வழித்தெடுத்தது. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் ஹபு என்ற விஷப்பாம்பை ஒழிக்க 1979இல் சுமார் முப்பது கீரிகளை விட்டார்கள். பாம்பு இரவில் திரியும், கீரி பகலில் திரியும். இரண்டும் அதிகம் சந்தித்துக்கொள்ளவில்லை. அந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அமாமி முயல்தான் கீரியின் வாயில் அகப்பட்டது. பொறியும் மோப்ப நாயுமாகப் பல வருடம் போராடி, 2024 செப்ரெம்பரில்தான் தீவில் கீரி இல்லை என்று அரசு அறிவித்தது.

காகத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் புழு விழ, அதைத் தின்னவென்று இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலேற்றினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் போகத் தொடங்கியிருந்த காலம் அது. கிளாக்கர்மார் பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி நாற்சார் வீடு கட்டினார்கள். காகம் திரும்பவில்லை. கிள்ளானில் நகரசபை துவக்குக்காரரை வைத்துக் காகம் சுடவேண்டிய நிலை வந்தது. அதே 1890களில் குப்பை தின்னட்டும் என்று ஸான்சிபாருக்குக் கொண்டுபோன காகங்கள் கிழக்காபிரிக்கக் கரை முழுக்கப் பரவி, உள்ளூர்ப் பறவைகளின் கூடுகளைச் சூறையாடுகின்றன. 2024இல் கென்யா பத்து இலட்சம் காகங்களைக் கொல்லப்போவதாக அறிவித்தது. சனிக்கிழமை விரதக்காரர் எள்ளுச்சோறு வைத்துக் "கா கா" என்று கூப்பிடுகிற அதே காகம்.

குடாநாட்டுக் கரைக்கு வந்தால் பூனையைவிட நாயும் காகமும்தான் முன்னுக்கு நிற்கும். மண்டைதீவு, அராலி, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என்று கடல்நீரேரியோரம் கிடக்கிற வெட்டவெளிகளில் ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் ஆலாக்களும் வெறும் தரையிலேயே முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை; மண்ணில் ஒரு சிறு குழி, சில சிப்பித் துண்டு. முட்டை கூழாங்கல் நிறம். கண்ணுக்குத் தப்பும், மூக்குக்குத் தப்பாது. மீன்வாடியில் மீன் கழிவு தின்று வளர்கிற நாய்க் கூட்டம் மாலையில் கரையோரம் ஓடிப் போனால் அந்த வழியில் முட்டை மிஞ்சாது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா. பூங்காவின் பலகை நாய்க்கு வாசிக்கத் தெரியாது.

இந்தக் கரைகளில் உள்ள உப்புக்கொத்தி ஒன்றுக்கு அண்மையில் தனிப் பெயர் கிடைத்திருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குடியிருந்து முட்டையிடும் இந்தச் சிறு பறவையை வெளிநாட்டிலிருந்து வருகிற உப்புக்கொத்தியின் கிளை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குகொண்ட மரபணு ஆய்வு 2023இல் அதைத் தனி இனமாக நிறுவியது. இரண்டும் பிரிந்து சுமார் 12 இலட்சம் வருடம் ஆகிவிட்டதாம். இராமர் அணைப் பக்கம் வாழ்கிற பறவை என்பதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். மன்னார்ச் சதுப்பிலும் உப்புவெளியிலும் தரையில் முட்டையிடுகிற இதற்கு, வாடி நாய்கள்போல அயலவர் இல்லாவிட்டால் நல்லது.

நாய் எவ்வளவு செய்யும் என்பதற்கு இந்தியாவில் ஒரு கணக்கு உண்டு. பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கட்டுரையில் நாய்கள் தாக்கிய காட்டுயிர்கள் 80 இனம் என்று எழுதினார்கள். அதில் 31 உலக அளவில் அருகிவருபவை. இலங்கையில் 1893ஆம் ஆண்டு விசர்நாய்ச் சட்டத்தின் கீழ் தெருநாயைக் கொல்வது நெடுநாள் நடைமுறை. 2006இலிருந்து அரசு அதைக் கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாறியது. நல்ல மாற்றம்தான். கருத்தடை கொல்வதற்கு ஈடாக வேகமாக நடந்தால்தான் அதன் நன்மை தெரியும்.

இந்த இடத்தில் திருநெல்வேலித் தோட்டக்காரர் ஒருவர் குறுக்கிடுவார். செம்மண் தோட்டத்தில் மரவள்ளியைக் கிண்டுகிற அகழான் எலிக்கு யார் வழி சொல்வது? பூனை இல்லாவிட்டால் எலி வீட்டையே தின்றுவிடுமே? கேள்வி நியாயமானது. நியூசிலாந்தின் லிட்டில் பாரியர் தீவில் 1980இல் பூனைகளை முழுதாக அகற்றினார்கள். அங்குள்ள ஒரு கடற்பறவைக்கு அதுவரை நூற்றுக்கு 32 கூடுகளில் குஞ்சு தேறியது. பூனை போனபிறகு அது 9 ஆக விழுந்தது. பூனை அடக்கி வைத்திருந்த எலி பெருகி முட்டையைத் தின்றதுதான் காரணம். 2004இல் எலியையும் அகற்றியபிறகு 59 ஆக ஏறியது. ஒன்றை மட்டும் பிடுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

ஆனாலும் பூனை பெரிய எலியைப் பிடிக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் மிகையானது. நியூயோர்க்கில் புரூக்ளின் பகுதிக் கழிவு நிலையமொன்றில் எலிகளுக்கு நடுவில் பூனைகள் புகுந்திருந்தன. ஆய்வாளர்கள் 79 நாள் கமராவில் பார்த்தார்கள். பூனைகள் கொன்ற எலிகள் இரண்டு. பெரிய எலி திருப்பிக் கடிக்கும் என்பது பூனைக்கு நன்றாகத் தெரியும். சுண்டெலி, ஓணான், குஞ்சு என்றால் தயக்கமில்லை. அகழானுக்குப் பூனையைவிடச் சாரைப்பாம்பு நல்ல ஆள். கண்ட இடத்தில் அடித்துக் கொல்லாமல் விட்டால் அது வேலை செய்யும்.

இன்னொரு மாற்றம் பேசப்படுவதேயில்லை. வேலி போய் மதில் வந்தது. கிளுவைக் கதியாலும் பூவரசும் ஆடாதோடையும் நெருங்கி நின்ற வேலிக்கு அடியில், சருகும் பனையோலையும் குவிந்த இடத்தில், அரணைக்கு வளை இருந்தது. புலுனிக் குஞ்சுக்கு ஒளிக்க இடமிருந்தது. முள்ளுக் கிளுவைக்குள் பூனை எளிதில் நுழையாது. சீமெந்து மதில் பூனைக்குப் போட்ட தெரு. ஒரு வளவிலிருந்து பத்து வளவுக்குக் கால் நிலத்தில் படாமல் போய்வரும். மேலேயிருந்து எல்லாம் தெரியும். கீழே ஒளிக்க எதுவும் இல்லை. போர் நெருங்கிவர, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி வெளிக்கிட்டபோது நாயும் பூனையும் வளவுகளிலேயே நின்றன. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது வேலி இல்லை. பிறகு கையில் காசு புழங்கியவர்கள் மதில்தான் கட்டினார்கள். வெளிநாட்டுப் பிள்ளை அனுப்புகிற காசில் முதலில் எழும்புவதும் அதுதான். மதிலை இடிக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. உட்புறத்தில் ஒரு கரையோரமாவது கிளுவையும் பூவரசும் நட்டு, சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டால் அரணைக்கு அது போதும்.

பூனை வைத்திருப்பவர் செய்யக்கூடியதற்கும் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிச் சத்து நிறைந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 வீதம் குறைந்தது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் நூலில் கட்டிய இறகோடு விளையாடவிட்டபோது 25 வீதம் குறைந்தது. நிறம் பளிச்சென்ற துணிப் பட்டியைக் கழுத்தில் போட்டபோது பறவைகள் அதைக் கண்டு பறந்ததால் பறவை வேட்டை 42 வீதம் குறைந்தது. எல்லோரும் முதலில் நினைக்கிற மணி குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலங்காலமாக யோசித்துக்கொண்டிருந்த எலிகள் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இறைச்சி உணவு என்றவுடன் கடையில் விற்கிற விலை கூடிய பெட்டி உணவு வேண்டியதில்லை. வெறும் சோற்றையும் சொதியையும் ஊற்றினால் பூனைக்கு வேண்டிய புரதம் அதில் இல்லை. அது வெளியே போய்த்தான் தேடும். சூடைத் தலையையும் குடலையும் அவித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பது நம்முடைய பழைய முறை. எக்ஸிட்டர்க்காரர் சொன்னதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. சந்தையின் மீன் கழிவை மூடிய தொட்டியில் போட்டு அன்றன்றே அகற்றுவது நல்லூர் பிரதேச சபையின் கையில் இருக்கிறது. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும். இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஐந்து மாதம் ஆகுமுன் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் உரப்பைக்கு வேலை வராது.

மிச்சம் இருப்பது காலத்தைப் பார்த்து நடக்கிற ஒரு சின்னக் காரியம். வேலியோரம் புலுனிக் கூட்டம் வழக்கத்தை மீறிக் கத்திக்கொண்டு, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் கீழே குஞ்சு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு கிழமை பூனையைக் குசினிக்குள் பூட்டி வைக்கலாம். அது கத்திக் கதவைப் பிராண்டும், வீட்டுக்காரி ஏசுவார், பால் சட்டி ஒன்றிரண்டு கவிழும். குஞ்சுக்கு அதற்குள் வால் வளர்ந்துவிடும்.